மாலைக்கு முன் அவர் பணம்

கடந்த மாதம் நம் சங்கத்தின் மூத்த அங்கத்தவரான ஒரு பாட்டியை நல்லடக்கம் செய்தோம். விடியுமுன் அடுப்பு மூட்டி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு ஓடிய தாய் அவர். மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்தே பிள்ளைகளை ஆளாக்கினார். கூடையை இறக்கிய பின்னும் ஓயவில்லை. மகள் மலைக்குப் போக, பேரப்பிள்ளைகளை வளர்த்தார்.

1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகத்தின் பிள்ளை அவர். ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984 இல்தான் அவர் கைக்கு வந்தது. சேமலாப நிதியோ கடைசிவரை வரவில்லை. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர். அவர் வேலையில் இருந்தபோதே அதைத் திருத்த வைக்காதது நம் குறையும்தான்.

தோழர்களே, சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. யாரும் போடும் பிச்சை அல்ல. வேலையிலிருந்து விலகும் பெண்கள் 50 வயதிலேயே அதைக் கோரலாம். உங்கள் தாயின் பெயர் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, செக்ரோல் மூன்றிலும் ஒன்றாக உள்ளதா என்று இன்றே பாருங்கள். பிழையிருந்தால் தோட்டத் தலைவரிடம் வாருங்கள். முடியும்வரை நாம் உடன் நிற்போம்.

படத்துக்கு மாலை போடுமுன், உழைத்த பணத்தை உயிரோடிருக்கும் தாயின் கையில் கொடுப்போம்.