பாட்டியின் டிரங்குப் பெட்டியும் என் தேய்மானக் கணக்கும்

"பழைய இரும்பு, பேப்பர், பிளாஸ்டிக்..." என்று தெருவில் குரல் கேட்டாலே எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். காரணம், கட்டிலுக்கு அடியில் இருக்கும் பாட்டியின் டிரங்குப் பெட்டி. கல்யாணச் சீராக வந்தது. துரு ஏறி, திறந்தால் தெருவுக்கே கேட்கும் அளவுக்குக் கத்தும். போன வருஷம் ஒருநாள், அதை எடைக்குப் போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் டிராயர் ஸ்டாண்டு வாங்கலாம் என்று சொன்னது சாட்சாத் நான்தான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பி.காம் படிக்கிற பையன் ஆயிற்றே, கணக்கு போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பெட்டி 12 கிலோ. கடைக்காரர் சொன்ன விலை கிலோ 28 ரூபாய். ஆக 336. புது ஸ்டாண்டு 2,500 ரூபாய். ஐந்து வருஷம் உழைத்தால் பெரிய விஷயம், கடைசியில் அதற்கு எஞ்சிய மதிப்பு என்று ஒன்றும் இருக்காது. நேர்கோட்டு முறையில் வருஷத் தேய்மானம் 500.

பெட்டியைச் சரிசெய்ய உப்புத்தாள், ரெட் ஆக்சைடு பிரைமர், அரை லிட்டர் பெயிண்ட், அடியில் நாலு சக்கரம் எல்லாம் சேர்த்து 640 ரூபாய். எடைக்குப் போடாததால் கைவிட்டுப்போகும் 336-ஐயும் சேர்த்தால் 976. பத்து வருஷம் கழித்து எடைக்குப் போட்டாலும் அதே 336 வரும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 64 ரூபாய்தான்! அன்றைக்கே கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்கிவந்துவிட்டேன்.

இப்போது அந்தப் பெட்டியில் எங்கள் வீட்டுப் போர்வை, தலையணை உறை எல்லாம் இருக்கிறது. மேலே ஒரு மெத்தை போட்டதால் வாசல் பக்கம் உட்கார்ந்து ஷூ மாட்டவும் ஆகிறது. சக்கரம் இருப்பதால் அம்மா தள்ளிவிட்டுப் பெருக்குகிறார்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி. ஆனால் வெற்றி தலைக்கேறிவிட்டது. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சந்தை கூடும், தெரியுமில்லையா? பழைய நாற்காலி, மிக்சி, செடி, புறா வரைக்கும் கிடைக்கும். அங்கே ஒரு பழைய மர ஏணியைப் பார்த்தேன். இப்படி ஏணியைச் சுவரில் சாய்த்து, படிக்குப் படி துண்டும் போர்வையும் தொங்கவிட்ட படங்களை நீங்களும் இணையத்தில் பார்த்திருப்பீர்கள். "எடுத்துக்கோ தம்பி, தேக்கு" என்றார் கடைக்காரர். ஏணி 700, ஆட்டோ 350.

தேக்கா இல்லையா என்பது வேறு விஷயம். எங்கள் வீட்டில் ஏணி சாய்க்க ஒரு சுவர் இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. நடைபாதையில் நின்றது, அப்பாவின் கால்விரலைப் பதம் பார்த்தது. "1,050 ரூபாய் போட்டாச்சே" என்று மூன்று மாதம் விடாமல் வைத்திருந்தேன். மூழ்கிய செலவை முடிவெடுக்கும்போது கணக்கில் எடுக்கக் கூடாது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன்தான்! கடைசியில் கீழ்வீட்டு பெயிண்டர் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். அவர் ஏணியை ஏணியாகவே பயன்படுத்துகிறார் :)

என் கருத்து இதுதான். பழைய பொருளைப் பார்த்துவிட்டு அதற்கு வேலை தேடக் கூடாது. வீட்டில் எந்த இடம் அலங்கோலமாக இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும். பிறகு அந்த வேலைக்குப் பொருளைத் தேட வேண்டும். இல்லாவிட்டால் அது அடுக்கி வைப்பது இல்லை, குப்பைக்குப் பெயிண்ட் அடிப்பது.

இதை எனக்கு முன்பே செய்துகாட்டியவர் அம்மா. எங்கள் சமையலறையில் மிளகு, சீரகம், உளுந்து எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான். பள்ளிக்கூட நண்பர்கள் வந்தால் அந்த அலமாரியைப் பார்த்துவிடுவார்களோ என்று கூச்சப்பட்டிருக்கிறேன். இன்றைக்கு அதையே 'அப்சைக்கிளிங்' என்று சொல்லிச் சணல் கயிறு சுற்றி விற்கிறார்கள். வசதியானவர்கள் செய்தால் ரசனை, நாம் செய்தால் கஞ்சத்தனமா? கூச்சப்பட்டதற்காக இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஆனால் பழசு என்றாலே நல்லது என்றும் சொல்ல மாட்டேன். நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை உலரத் தேய்த்தால் கிளம்பும் தூசி, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆபத்து. நனைத்து, முகக்கவசம் போட்டுத் தேய்க்கணும். சரக்கு ஏற்றும் மரப் பலகைத் தட்டு வாங்கினால் அதில் உள்ள முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது. எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைடு வாயு அடித்தது, வேண்டாம். ரசாயனம் இருந்த டிரம்மில் அரிசி கொட்டவே கொட்டாதீர்கள். மரத்தைத் தட்டிப் பாருங்கள், மாவு கொட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

பாட்டி இப்போது மாலையில் அந்தப் பெட்டிமேல்தான் உட்காருகிறார். நடுவில் ஒருநாள், "எடைக்குப் போட்டா எவ்வளவுடா வரும்னு சொன்னே?" என்று கேட்டார். 336 என்றேன். "அவ்வளவுதானா!" என்று சிரித்தார். என் தேய்மானக் கணக்கில் அந்தச் சிரிப்புக்கு ஒரு காலம் போடாமல் விட்டிருந்தேன்.

இந்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் போகிறவர்கள் மறக்காமல் ஒரு இன்ச் டேப் எடுத்துப் போங்கள். ஏணி பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள்!