முதல் சொகுசுக் கைக்கடிகாரம்: 'முதலீடு' என்று நம்பி வாங்கலாமா?

வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு. போனஸ் வந்துவிட்டது. "எனக்குன்னு ஒரு நல்ல வாட்ச் வாங்கினா என்ன?" என்று தோன்றுகிறது.

சமூக ஊடகத்தைத் திறந்தால் ஒரே அறிவுரை: "இது செலவு இல்ல, முதலீடு. நாளைக்கு வித்தா லாபம்."

உண்மையா? சில ஆயிரம் வெள்ளியைக் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

மணி பார்க்கத்தான் கைத்தொலைபேசி இருக்கே?

சரிதான். துல்லியம் மட்டும் வேண்டுமென்றால் மெக்கானிக்கல் கடிகாரமே தேவையில்லை.

அதில் மின்கலம் கிடையாது. உள்ளே சுருட்டப்பட்ட ஸ்பிரிங் மெல்ல விரியும்போது கிடைக்கும் விசைதான் முள்களை நகர்த்துகிறது. ஒரு சிறு சக்கரம் இடமும் வலமுமாக ஆடி அந்த விசையைச் சீராக்குகிறது. இன்றைய பல கடிகாரங்களில் அது மணிக்கு 28,800 முறை அசைகிறது. அதாவது விநாடிக்கு 8 முறை. ஆட்டோமேட்டிக் வகையில் உங்கள் கை அசைவே ஸ்பிரிங்கை முறுக்கிவிடும்.

சுவிட்சர்லந்தின் 'கோஸ்க்' சான்றிதழ் பெற்ற கடிகாரமே நாளுக்கு 4 விநாடி பின்தங்கலாம், அல்லது 6 விநாடி முந்தலாம். சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்கு ஏறக்குறைய 15 விநாடிதான் பிசகும்.

1969இல் ஜப்பானின் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த 15 ஆண்டுகளில் சுவிஸ் கடிகாரத் துறை பாதிக்கும் மேற்பட்ட வேலைகளை இழந்தது. அதற்குப் பிறகுதான் மெக்கானிக்கல் கடிகாரம் தேவைக்கு வாங்கும் பொருள் என்ற நிலை மாறி, ஆசைக்கு வாங்கும் பொருளாக மறுபிறவி எடுத்தது.

ஆசைக்கு வாங்குவதில் தவறில்லை. அதை லாபக் கணக்காக நினைக்கும்போதுதான் சிக்கல்.

'முதலீடு' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

கொவிட் காலத்திலிருந்து. கையில் பணம் இருந்தது, வட்டி குறைவு, மின்னிலக்க நாணயங்களும் உச்சத்தில். ரோலெக்ஸ் டேட்டோனா, பட்டேக் ஃபிலிப் நாட்டிலஸ் போன்ற சில மாடல்கள் மறுவிற்பனைச் சந்தையில் பட்டியல் விலையைப்போலப் பல மடங்குக்குக் கைமாறின.

2022இன் முற்பாதியில் அந்தச் சந்தை உச்சத்தைத் தொட்டது. பிறகு வட்டி விகிதம் ஏறியது, மின்னிலக்க நாணயங்கள் சரிந்தன, கடிகார விலையும் கீழே வந்தது. உச்சத்தில் வாங்கியவர்களுக்குத்தான் அடி.

இன்னொன்றையும் கவனியுங்கள். அப்போதுகூட விலை ஏறியது ஒருசில நிறுவனங்களின் ஒருசில மாடல்களுக்குத்தான். முதன்முறை வாங்குபவர் கடைக்குள் நுழைந்தவுடன் அவை கிடைப்பது அரிது. எளிதாகக் கிடைக்கும் பெரும்பாலான கடிகாரங்கள், கடையைவிட்டு வெளியே வந்ததுமே மதிப்பில் ஒரு பங்கை இழக்கின்றன.

"விலை ஏறிக்கிட்டேதானே போகுது?"

ஆமாம், புதிய கடிகாரங்களின் பட்டியல் விலை ஏறுகிறது. சுவிஸ் ஃபிராங்க் வலுவாக உள்ளது. தங்கம் 2025 அக்டோபரில் அவுன்ஸுக்கு 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் சுவிஸ் பொருள்களுக்கு அமெரிக்கா 39 விழுக்காட்டு வரி விதித்தது. அதை 15 விழுக்காடாகக் குறைக்க நவம்பரில் இணக்கம் காணப்பட்டது.

ஆனால் கடை விலை ஏறினால் உங்கள் பழைய கடிகாரமும் அதே அளவு ஏறும் என்று அர்த்தமில்லை. "அடுத்த மாசம் விலை ஏறப்போகுது" என்பது அவசரப்பட்டு வாங்குவதற்கு நல்ல காரணமும் இல்லை.

உண்மையான செலவு எவ்வளவு?

ஓர் உதாரணத்துக்கு, 5,000 வெள்ளிக் கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 5 ஆண்டுக்குப் பிறகு 3,000 வெள்ளிக்கு விற்கிறீர்கள். இடையில் ஒருமுறை சர்வீஸ், 700 வெள்ளி. மொத்தச் செலவு 2,700 வெள்ளி. அதாவது மாதம் 45 வெள்ளி.

"மாசம் 45 வெள்ளி, எனக்கு ஓகே" என்றால் தாராளமாக வாங்கலாம். இப்படிக் கணக்குப் போட்டுவிட்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

ஆனால் கடன்பற்று அட்டையில் வாங்கி, முழுத்தொகையைக் கட்டாமல் இழுத்தடித்தால் கதையே வேறு. ஆண்டு வட்டி 25 விழுக்காட்டுக்கும் மேல். 5,000 வெள்ளி பாக்கிக்கு ஓராண்டு வட்டி மட்டுமே 1,250 வெள்ளியைத் தாண்டலாம். கடன் வாங்கித்தான் வாங்க முடியும் என்றால், காத்திருப்பதே நல்லது.

சர்வீஸைப் பற்றி ஏன் இப்போதே யோசிக்கணும்?

உள்ளே எண்ணெய் காயும், ரப்பர் வளையங்கள் இறுகும். பொதுவாக 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

பல நிறுவனங்கள் ஈட்டா, செலிட்டா போன்ற தயாரிப்பாளர்களிடமிருந்து இயந்திரத்தை வாங்கிப் பொருத்துகின்றன. விற்பனையாளர்கள் சிலர் அதைக் குறையாகச் சொல்வதுண்டு. முதல் கடிகாரத்துக்கு அது உண்மையில் சாதகம். அனுபவமுள்ள எந்தக் கடிகாரப் பழுதுபார்ப்பாளரும் அதைக் கையாளலாம். நிறுவனம் தானே உருவாக்கிய இயந்திரம் என்றால், பெரும்பாலும் அந்த நிறுவனத்திடமே போக வேண்டும், அது சொல்லும் விலைக்கு.

பழசு வாங்கலாமா?

முதல் விலைச் சரிவை வேறொருவர் ஏற்றுக்கொண்டிருப்பார். அது லாபம்தான். ஆனால் யாரிடம் வாங்குகிறோம் என்பது முக்கியம்.

கடையில் வாங்கினால் சிங்கப்பூரின் 'லெமன் சட்டம்' துணைக்கு உண்டு. வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டவேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. பழைய பொருளுக்கும் இது பொருந்தும்; பொருளின் வயதும் விலையும் கருத்தில் கொள்ளப்படும். இணையத்தில் தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

முன்பணத்திலும் கவனம் தேவை. சொகுசுக் கடிகாரங்களும் கைப்பைகளும் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய ஒரு தம்பதி 2022இல் சிங்கப்பூரைவிட்டுத் தப்பியோடி, ஜொகூர் பாருவில் பிடிபட்டது நினைவிருக்கும். அந்த மோசடியில் சம்பந்தப்பட்ட தொகை குறைந்தது 32 மில்லியன் வெள்ளி. சந்தை விலையைவிட மிகக் குறைவாக யாராவது தந்தால், ஏன் என்று கேளுங்கள்.

வெளிநாட்டில் மலிவா கிடைச்சா?

வரியைச் சேர்த்துப் பாருங்கள். 48 மணிநேரத்துக்குமேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் சிங்கப்பூரருக்கு 500 வெள்ளி வரை பொருள் சேவை வரி இல்லை. அதற்குக் குறைவான நேரம் என்றால் 100 வெள்ளி மட்டுமே. மீதிக்கு 9 விழுக்காடு.

பேங்காக்கில் மூன்று நாள் தங்கி 4,000 வெள்ளிக்கு வாங்கினால், 3,500 வெள்ளிக்கு வரி: 315 வெள்ளி. ஜொகூர் பாருவுக்குக் காலையில் போய் மாலையில் வந்தால் 351 வெள்ளி. கையில் கட்டிக்கொண்டு வந்தாலும் அறிவிக்க வேண்டும்.

அப்போ எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

• கையில் கட்டிப் பாருங்கள். விட்டம் மட்டும் போதாது. வார் மாட்டும் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரையிலான நீளம், மணிக்கட்டைத் தாண்டி வெளியே நீட்டக்கூடாது.

• நம்மூர் வெக்கைக்கும் வியர்வைக்கும் தோல் வார் சீக்கிரம் கெடும். எஃகு அல்லது ரப்பர் வார் வசதி.

• '30 மீட்டர்' என்று எழுதியிருந்தால் கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவுதான். நீச்சலுக்கு 100 மீட்டர் பாருங்கள்.

• காந்தம் ஆகாது. கைத்தொலைபேசி உறை, ஒலிபெருக்கி பக்கத்தில் வைத்தால் கடிகாரம் தாறுமாறாக ஓடலாம். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் சில நிமிடத்தில் சரியாகிவிடும்.

• வாங்குவதற்கு முன்பே, அதே மாடலைப் பழைய கடிகாரம் விற்கும் இரண்டு கடைகளில் விசாரியுங்கள். "இதை நான் கொண்டுவந்தா எவ்வளவுக்கு எடுப்பீங்க?" அவர்கள் சொல்லும் தொகைதான் அதன் மறுவிற்பனை மதிப்பு, இணையத்தில் போட்டிருக்கும் விலை அல்ல.

கடைசியாக ஒரு சோதனை. "இதன் விலை நாளையே பாதியாகக் குறைந்தாலும், இதைத் தினமும் கட்டிக்கொள்வேனா?"

ஆமாம் என்றால், அதுதான் உங்கள் கடிகாரம். தயக்கம் வந்தால் இன்னும் ஆறு மாதம் பொறுங்கள். அதற்குள் சேமிப்பும் கூடியிருக்கும், எது உண்மையில் பிடித்தது என்பதும் தெரிந்திருக்கும்.