ஆரணி மொட்டை மாடியில் அரோரா தெரியுமா? இருட்டைத் தேடிப் போகலாம், வாங்க!

ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில் தறிக்கு ஏறும் பட்டு நூலில் கிளிப்பச்சையும் உண்டு, அரக்குச் சிவப்பும் உண்டு. அதே நிறங்கள் வானத்தில் சேலை விரித்தாற்போல அசைந்தால் எப்படி இருக்கும்? 2024 மே 10-ம் தேதி இரவு, உலகின் பல நாடுகளில் அப்படித்தான் நடந்தது. மறுநாள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க அந்தப் படங்கள்தான். கூடவே எல்லோர் மனதிலும் ஒரு கேள்வி: ``நம்ம மொட்டை மாடியில இருந்து இதைப் பார்க்க முடியாதா?''

முடியாது. ஆனால், அதற்கான காரணமே சுவாரஸ்யமானது.

நமக்கு ஏன் தெரிவதில்லை?

சூரியனிலிருந்து சீறி வரும் மின்னூட்டம் பெற்ற துகள்களை, பூமியின் காந்தப்புலம் துருவங்களின் பக்கம் திருப்பிவிடுகிறது. அங்கே அவை காற்றிலுள்ள ஆக்சிஜனில் மோதும்போது ஒளி பிறக்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் மோதினால் பச்சை, 200 கிலோமீட்டருக்கு மேல் மோதினால் சிவப்பு. இதுதான் அரோரா எனும் துருவ ஒளி.

நாம் இருப்பதோ நேர் எதிரான இடம். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டித்தான் செல்கிறது. திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவில் 1963-ல் ராக்கெட் ஏவத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ராக்கெட்டுக்கு வசதியான அந்த இடம், அரோராவுக்கு ரொம்ப தூரம்!

ஹான்லேயில் சிவந்த வானம்

ஆனால், அதே மே இரவில் இந்தியாவிலும் அரோரா பதிவானது. இடம், லடாக்கின் ஹான்லே. சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வான் இயற்பியல் மையத்தின் தொலைநோக்கிகள் இருக்கும் இடம் அது. வடக்குத் தொடுவானத்தை ஒட்டி சிவப்பு ஒளி கேமராவில் விழுந்தது. வெறும் கண்ணுக்கு அது மிக மங்கல்தான். தொலைவிலிருந்து பார்ப்பதால் அரோராவின் உச்சிப் பகுதி மட்டுமே நமக்குத் தெரியும். அதனால்தான் பச்சை இல்லாமல் சிவப்பு மட்டும்.

லடாக் முழுக்க உயரமான இடம்தானே, ஹான்லேயில் மட்டும் என்ன சிறப்பு? இருட்டு. 2022 டிசம்பரில் ஹான்லேயைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பை இருள் வான் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே இரவில் ஜன்னல்களுக்குத் திரை போடுகிறார்கள். விளக்குகளுக்கு மேலே மூடி உண்டு. வாகனங்கள் ஹை பீம் போடக் கூடாது. ஊர்க்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்திருக்கிறார்கள். வரும் பயணிகளுக்கு வானத்தைக் காட்டுவதும், வீட்டில் தங்கவைப்பதும் இப்போது அவர்களுக்கு வருமானம். இருட்டைக் காப்பாற்றினார்கள், இருட்டு சோறு போடுகிறது.

போக ஆசை வந்துவிட்டதா? ஹான்லே செல்ல முன் அனுமதி தேவை. லே போய் இறங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். உயரத்துக்கு உடம்பு பழக லேயில் இரண்டு நாளாவது ஓய்வெடுங்கள். குழந்தைகள், முதியவர்கள், இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். சிரமப்பட்டுப் போனாலும் அரோரா தெரியும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பெரிய சூரியப் புயல் வந்தால்தான் உண்டு. ஆடும் பச்சை ஒளியையே பார்க்க வேண்டுமென்றால் நார்வேயின் திரோம்சோ போன்ற வடக்கு ஊர்களுக்கு, செப்டம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் போக வேண்டும். கோடையில் அங்கே இரவே இருக்காது!

நம் பக்கத்து இருட்டு

சரி, பாஸ்போர்ட்டும் வேண்டாம், விமான டிக்கெட்டும் வேண்டாம். முள்ளிப்பட்டுக்கு மேற்கே ஜவ்வாது மலை இருக்கிறதே! அங்கே காவலூரில் இருப்பது, ஹான்லேயை நடத்தும் அதே மையத்தின் வைணு பாப்பு வானாய்வகம். நகர வெளிச்சத்திலிருந்து விலகிய காட்டுப் பகுதி என்பதால்தான் 1960-களில் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977-ல் தெரியவந்தபோது, அதற்கான சான்று காவலூரிலும் பதிவானது. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இங்கே இயங்குகிறது.

சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களுக்குச் சிறிய தொலைநோக்கியில் வானம் காட்டுவது இங்கே வழக்கம். மேகம் இருந்தால் இல்லை. அதனால் மையத்தின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரவில் காட்டுக்குள் இறங்க வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் நள்ளிரவுப் பயணமும் வேண்டாம். ஜமுனாமரத்தூரில் தங்கிப் பார்ப்பது நல்லது.

அரோரா இல்லாவிட்டால் என்ன, பால்வெளி இருக்கிறது. அதன் பிரகாசமான பகுதி மார்ச்சில் விடியலுக்கு முன்னும், மே மாதத்தில் நள்ளிரவுக்குப் பின்னும் தெற்கு வானில் நன்றாகத் தெரியும்.

செல்போனில் எடுப்பது எப்படி?

அரோராவோ பால்வெளியோ, அடிப்படை ஒன்றுதான்.

* அமாவாசையை ஒட்டிய நாளைத் தேர்ந்தெடுங்கள். நிலா இருந்தால் பால்வெளி மறைந்துவிடும்.

* ஊர் வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். பால்வெளிக்குத் தெற்கும், அரோராவுக்கு வடக்கும் இருட்டாக இருக்க வேண்டும்.

* கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். நடுவில் ஒருமுறை செல்போன் திரையைப் பளிச்சென்று பார்த்தால் மறுபடி முதலில் இருந்து. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள்.

* ட்ரைபாட் கட்டாயம். இல்லையென்றால் ஒரு கல்லின் மேல் சாய்த்து வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். டைமர் வைத்து எடுத்தால் கை பட்டு ஆடாது.

* ப்ரோ மோடில் ஐ.எஸ்.ஓ 1600 முதல் 3200 வரை, ஃபோகஸ் முடிவிலியில். பால்வெளிக்கு 15 விநாடிகளிலிருந்து தொடங்குங்கள். வேகமாக ஆடும் அரோராவுக்கு 2 முதல் 5 விநாடிகள் போதும். ப்ரோ மோட் இல்லாத போனில் நைட் மோட்.

வெளிச்சம் போட்டு மறைக்கிறோம்

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மொட்டை மாடியிலோ வாசல் கட்டிலிலோ படுத்துக்கொண்டு நட்சத்திரம் எண்ணிய கதை நிச்சயம் இருக்கும். அதே மாடியில் இன்று எத்தனை நட்சத்திரங்கள் தெரிகின்றன? வானம் எங்கும் போய்விடவில்லை. மேல்நோக்கி அடிக்கும் எல்.இ.டி விளக்குகள்தான் அதை மறைக்கின்றன. ஆரணி, போளூர், ஆலங்காயம் என ஊர்கள் வளர வளர, அந்த வெளிச்சம் மலைமேல் உள்ள வானத்தையும் எட்டும். தெருவுக்கு விளக்கு வேண்டும்தான். அது தெருவைப் பார்த்து எரிந்தால் போதும், வானத்தைப் பார்த்து எரிய வேண்டாம்.

ஹான்லேக்காரர்கள் செய்தது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஒரு திரை, ஒரு மூடி. வரும் அமாவாசைக்கு, சாப்பாடு முடிந்ததும் மாடி விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு அரை மணி நேரம் பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். அவர்கள் விளக்கும் அணைந்தால் இன்னும் பத்து நட்சத்திரம் கூடுதலாகத் தெரியும்!