புது மின்வாகனத்தை உடனே விற்கலாமா? வரியைவிட ஆர்.சி.யில் இருக்கும் பெயர்தான் சிக்கல்

மரக்காணம் உப்பளங்களைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் காலாப்பட்டு வரும். அது புதுச்சேரி. அதைத் தாண்டினால் கோட்டக்குப்பம், மறுபடியும் தமிழ்நாடு. இன்னும் கொஞ்சம் போனால் திரும்பவும் புதுச்சேரி. வண்டி ஓட்டுபவருக்கு இது ஒரே சாலைதான். ஆனால் வண்டியை விற்கும்போது இந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் சட்டத்தில் கணக்கில் வரும்.

மின்வாகனத்தை வாங்கிய சில மாதங்களிலேயே விற்க நினைப்பவர்கள் இப்போது நிறைய. சார்ஜ் போட வசதி இல்லை, தவணை கட்ட முடியவில்லை, புது மாடல் வந்துவிட்டது, வெளியூருக்கு மாற்றல் என்று காரணங்கள் பல. எல்லோருக்கும் வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இவ்வளவு சீக்கிரம் வித்தா வரி கட்டணுமா?" பெரும்பாலானோருக்கு வேண்டாம் என்பதே பதில். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு முன் வரியைப் பார்த்துவிடலாம்.

18% ஜிஎஸ்டி யாருக்கு?

புது மின்வாகனத்துக்கு ஜிஎஸ்டி 5%. இது 2019 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய மின்வாகனத்துக்கு 18%. 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் 55-வது கூட்டம் இதை 12 சதவீதத்திலிருந்து உயர்த்தியது. 2025 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. "12 லட்சத்துக்கு வாங்கி 9 லட்சத்துக்கு விற்றால் நஷ்டத்துக்கும் 18% வரியா?" என்று அப்போது சமூக ஊடகங்களில் பெரிய கலாட்டாவே நடந்தது. அது தவறான புரிதல். இந்த வரி ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் விற்கும்போது மட்டும்தான். அதுவும் மொத்த விலைக்கு அல்ல, லாப வித்தியாசத்துக்கு மட்டும். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் ஜிஎஸ்டி கிடையாது.

சாலையோர ரிசார்ட் ஒன்று நிறுவனத்தின் பெயரில் 15 லட்சம் ரூபாய்க்கு மின்கார் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். வருமான வரிக் கணக்கில் மின்வாகனத்துக்குத் தேய்மானம் 40%. முழு ஆண்டுக்கும் தேய்மானம் எழுதியிருந்தால் கணக்கில் மிஞ்சிய மதிப்பு 9 லட்சம். அதைப் பத்தரை லட்சத்துக்கு விற்றால் வித்தியாசமான ஒன்றரை லட்சத்துக்கு 18%, அதாவது 27,000 ரூபாய் ஜிஎஸ்டி. எட்டரை லட்சத்துக்குப் போனால் வரி பூஜ்யம். வாங்கிய நிதியாண்டுக்குள்ளேயே விற்றுவிட்டு, தேய்மானமே எழுதவில்லை என்றால் வாங்கிய விலையையும் விற்ற விலையையும்தான் ஒப்பிட வேண்டும். வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்திருந்தால் மட்டும் இந்தச் சலுகைக் கணக்கு பொருந்தாது. ஆடிட்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

மரக்காணத்துக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. உப்புக்கு ஜிஎஸ்டி இல்லை. உப்பு வியாபாரம் மட்டுமே செய்பவர் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அப்படிப் பதிவில்லாத உப்பள உரிமையாளர் தன் மின் லோடு வண்டியை விற்றால் இந்த 18% அவரைத் தொடாது. ஆனால் தேய்மானம் எழுதியிருந்தால், விற்ற தொகையை வருமான வரிக் கணக்கில் அந்தச் சொத்துத் தொகுப்பிலிருந்து கழித்துக் காட்டியாக வேண்டும்.

லாபத்துக்கு விற்றால்?

சொந்த உபயோகத்துக்கான வாகனம் வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் மூலதனச் சொத்தே அல்ல. நகை, ஓவியம் போன்றவற்றுக்கு உள்ள மூலதன ஆதாய வரி இதற்கு இல்லை. காத்திருப்புப் பட்டியல் நீளமான மாடல் ஒன்றைக் கூடுதல் விலைக்குக் கைமாற்றினாலும் ஒரு தடவை என்றால் வரி இல்லை. அதையே தொழிலாகச் செய்தால் கதை மாறும். வாங்குவதும் விற்பதுமாக இருந்தால் அது வியாபார வருமானம். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். புதுச்சேரியில் 20 லட்சம். மரக்காணத்தில் இருந்துகொண்டு வியாபாரமாக விற்று, வண்டியைக் காலாப்பட்டில் கொண்டுபோய் ஒப்படைத்தால் அது மாநிலங்களுக்கு இடையேயான விற்பனை. அதற்கு வரம்பே கிடையாது, முதல் வண்டியிலிருந்தே பதிவு வேண்டும்.

பத்து லட்சத்துக்கு மேற்பட்ட புது வண்டிக்கு ஷோரூமில் 1% டிசிஎஸ் பிடித்திருப்பார்கள். அது உங்கள் பான் கணக்கில் வரவாக இருக்கும். வண்டியை விற்றாலும் அந்த வரவு உங்களுடையதுதான், ரிட்டர்னில் எடுத்துக்கொள்ளலாம். விற்பனைத் தொகையை மட்டும் ரொக்கமாக வாங்காதீர்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகை அளவுக்கே அபராதம் உண்டு.

சாலை வரியும் மானியமும்

தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு 10 முதல் 20 லட்சம் வரையிலான பெட்ரோல், டீசல் காருக்கு ஆயுள் வரி 18%. 15 லட்சம் ரூபாய் வண்டிக்கு 2.7 லட்சம். மின்வாகனத்துக்கு 100% விலக்கு. 2023 மின்வாகனக் கொள்கை இதை 2025 இறுதி வரை தந்தது. விலக்கு பேட்டரி வாகனத்துக்குத்தான், முதல் உரிமையாளருக்கு மட்டுமானது அல்ல. அதனால் சீக்கிரம் விற்றதற்காக யாரும் வந்து வரியைத் திருப்பிக் கேட்பதில்லை. வாங்குபவர் வரி ரசீதில் எந்தத் தேதி வரை செல்லும் என்று போட்டிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இருசக்கர வாகனத்துக்கான பிஎம் இ-டிரைவ் மானியம் விலையிலேயே கழிந்துவிடும். 2025-26-ல் கிலோவாட் மணிக்கு 2,500 ரூபாய், அதிகபட்சம் 5,000. ஓர் ஆதாருக்கு ஒரு வண்டிதான். சீக்கிரம் விற்றுவிட்டு இன்னொன்று வாங்கும்போது அதே மானியம் மறுபடி கிடைக்காது. ஜெர்மனியில் இதன் மறுபக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கான யூரோ மானியத்தில் காரை வாங்கி, கட்டாயமான ஆறு மாதம் முடிந்ததும் டென்மார்க் போன்ற நாடுகளுக்கு விற்றுக் காசு பார்த்தார்கள். 2023 ஜனவரியில் அந்த அவகாசத்தை 12 மாதமாக்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் மானியத் திட்டமே நின்றுபோனது. நம்மூரில் மானியம் சிறியது, இந்த ஆட்டத்துக்கு அது போதாது.

உண்மையான ஆபத்து

பணம் வாங்கியாச்சு, சாவி கொடுத்தாச்சு, படிவம் 29, 30-ல் கையெழுத்தும் போட்டாச்சு. "மீதியை அவங்க பார்த்துக்குவாங்க." ஊர் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. சட்டப்படி அந்த வண்டி இன்னும் உங்களுடையது.

நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கைப் பாருங்கள். விஜய் குமார் தன் காரை 2007-ல் விற்றார். அதன் பிறகு கார் பல கை மாறியது. 2009 மே மாதம் விபத்து நடந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். ஆர்.சி.யில் அப்போதும் விஜய் குமாரின் பெயரே இருந்தது. உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அதை மாற்றி, பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்றது. பாதிக்கப்பட்டவர் யார் யாருக்கு விற்றார்கள் என்று தேடி அலைய முடியாது என்பது நீதிமன்றத்தின் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் பாக்கெட்டில் கைவைப்பது பழைய உரிமையாளருக்கு.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50-ன்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். வெளிமாநிலம் என்றால் தடையில்லாச் சான்றுடன் 45 நாள். மரக்காணத்துக்காரருக்குத் திண்டிவனம் அலுவலகம். புதுச்சேரிக்காரருக்கு விற்றால் படிவம் 28 முதல் தொடங்க வேண்டும், அங்கே மறுபதிவின்போது அங்குள்ள விதிப்படி வரி. முகவரியில் விளையாடக் கூடாது. வரி குறைவு என்பதற்காகப் புதுச்சேரி முகவரி காட்டிச் சொகுசு கார்களைப் பதிந்த கேரளப் பிரபலங்கள் சிலர் மீது 2017-ல் கேரளக் காவல்துறை வழக்கே போட்டது.

வண்டியை வியாபாரியிடம் விடுபவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வியாபாரியிடம் ஒப்படைத்து அதைப் படிவம் 29சி மூலம் இணையத்தில் பதிந்துவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் புரோக்கருக்கு இது பிடிக்காது. அதனாலேயே கேட்டு வாங்குங்கள்.

கடன் இருந்தால் வங்கியின் என்ஓசியும் படிவம் 35-ம் இல்லாமல் பெயர் மாறாது. "தவணையை நான் கட்டிக்கிறேன்" என்று வாங்குபவர் சொல்வதை நம்பி வண்டியைக் கொடுத்தால், அவர் கட்டாத மாதம் சிபில் விழுவது உங்களுக்கு. இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு போகும். சொந்தச் சேதக் காப்புக்கு, வாங்கியவர் 14 நாளுக்குள் நிறுவனத்தில் பெயர் மாற்ற வேண்டும். பேட்டரி வாரண்டியையும் படித்துப் பாருங்கள். சில நிறுவனங்கள் 'ஆயுள் வாரண்டி' என்று சொல்வது முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். விலை பேசும்போது இதை மறைத்தால் பின்னால் சண்டை வரும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தக் கடற்கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. உப்பளங்கள் மூழ்கின. தெருவில் நின்ற வண்டிகளும்தான். ஐபி67 என்று போட்டிருக்கும் பேட்டரி, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதிக்கப்பட்டது. இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் நின்றதற்கு அது உத்தரவாதம் அல்ல. இணைப்புகளில் அரிப்பு மாதங்கள் கழித்துத்தான் தெரியும்.

தண்ணீரில் நின்றதை மறைத்து விற்றால் ஒப்பந்தச் சட்டப்படி அது மோசடி. வாங்கியவர் விற்பனையை ரத்து செய்யக் கோரலாம், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318-ன் கீழ் புகாரும் தரலாம். வியாபாரியிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியும். தனிநபரிடம் வாங்கியிருந்தால் சிவில் நீதிமன்றம்தான், அது நீண்ட பாதை. ஆகவே விற்பவர், வெள்ளத்தில் நின்ற விவரத்தை விற்பனை ரசீதிலேயே எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது. வாங்குபவர், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கையையும் இன்ஷூரன்ஸ் கிளைம் விவரத்தையும் கேட்டுப் பெற்ற பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.