தாத்தா துப்பாக்கியும் மாறிப்போன போல்ட்டும்

போன மாசம் பெங்களூரிலிருந்து தங்கச்சி மகன் வந்திருந்தான். நான் திண்ணையில் உட்கார்ந்து ரைபிளைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "மாமா, இது தாத்தாவுக்கும் மூத்தது. சுட்டா உங்க மூஞ்சியிலேயே வெடிச்சிடும். பேசாம சரண்டர் பண்ணிடுங்க" என்றான். ரெண்டு நாள் கழித்து மிளகு பார்க்க வந்த மதுரை நண்பர் அதற்கு நேர் எதிர். "இங்கிலீஷ்காரன் இரும்பு சார், இன்னும் முன்னூறு வருஷம் நிக்கும். எனக்குக் குடுங்க, ஹால்ல மாட்டி வைக்கிறேன்" என்கிறார். லைசென்ஸ் இல்லாமல் அதை மாட்டினால் அவரையும் சேர்த்து மாட்டிவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

ரெண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். துப்பாக்கியின் வயசைப் பார்க்கிறார்கள், அதை வைத்திருக்கிற கையைப் பார்ப்பதில்லை. டவுனில் இருந்து வருகிற பலரிடமும் இதே பேச்சைக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அது என்ன துப்பாக்கி என்று சொல்லிவிடுகிறேன். பி.எஸ்.ஏ. கம்பெனி, பர்மிங்காமில் செய்தது. மூன்று ரைபிளைக் கூம்பாகச் சாய்த்து வைத்த மாதிரி ஒரு முத்திரை அடித்திருக்கும். .315 போர். வெள்ளைக்காரன் ராணுவத்தில் ஓடியது .303. அதே தோட்டா ஜனங்கள் கையிலும் இருந்தால் ராணுவத் தோட்டா களவு போய்விடும் என்று பயந்து, அந்த அளவை வெளியாட்களுக்குத் தடை செய்தார்கள். அதனால் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு அமைப்பையே வைத்துக்கொண்டு, குழாயை மட்டும் .315 ஆக மாற்றி இந்தியாவுக்கு விற்றார்கள். பின்னாளில் நம் இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரியும் அதே மாதிரி .315 செய்தது. எங்கள் கீழ்ப்பழனி மலையில் காப்பி, ஆரஞ்சு போட்டவர்கள் சிலரிடம் ரெண்டில் ஒன்று இருக்கும். எங்கள் தாத்தா தோட்டத்தை விட்டுப்போன ஒரு துரையிடம் பழசாகத்தான் வாங்கினார்.

1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்ததும் வேட்டை முடிந்தது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பன்றி விரட்ட இந்த ரைபிளை எடுப்பதும் இல்லை. ரைபிள் ரவை எங்கே போய் விழும் என்று சுட்டவனுக்கே தெரியாது, அதுக்கு வெடிதான். அப்புறம் எதுக்கு வச்சிருக்கே என்று கேட்டால், தாத்தா வைத்திருந்தார், அப்பா வைத்திருந்தார், முறையாகப் பேர் மாற்றி நான் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் பாட்டியின் வைரத்தோடு எதுக்கு இருக்கிறது என்று நான் கேட்டேனா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி போல்ட் ஆக்சன் ரைபிள் சுட்டுத் தேய்வது ரொம்ப அபூர்வம். குழாயின் உள்புரி தேயணும் என்றால் ஆயிரக்கணக்கில் தோட்டா போகணும். தாத்தாவின் லைசென்ஸ் புத்தகத்தில் வாங்கின தோட்டா எல்லாம் பதிவாகியிருக்கிறது. கூட்டிப் பார்த்தேன். அவர் காலம் முழுக்க இருநூறு கூட இல்லை. தேய்கிற அளவுக்கு அது உழைக்கவே இல்லை. எங்கள் தோட்டத்துக் கவாத்துக் கத்தி அதைவிட நூறு மடங்கு உழைத்திருக்கும்.

அப்போ எது கெடுக்குது? உப்பு. பழைய காலத்துத் தோட்டாவின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்ததும் குழாய்க்குள்ளே ஒரு உப்பாகப் படியும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து இழுத்து, ஒரே ராத்திரியில் செந்துரு கட்ட ஆரம்பித்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் ஊரில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும், கேட்கவே வேண்டாம். இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்துவிட்டுச் சுத்தம் பண்ணிவிட்டேன் என்பார்கள். உப்பு எண்ணெயில் கரையுமா? தண்ணீரில்தான் கரையும். தாத்தா ஒரு தோட்டா சுட்டிருந்தாலும், வீட்டுக்கு வந்ததும் பாட்டியிடம் ஒரு செம்பு கொதிக்கிற வெந்நீர் கேட்பார். போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கமிருந்து புனல் வைத்து ஊற்றுவார். குழாய் சூடேறித் தானாகவே காய்ந்துவிடும். அப்புறம் காய்ந்த துணி நாலு விடுவார். அதற்குப் பிறகுதான் எண்ணெய், அதுவும் மெல்லிசாக.

ராடைப் பின்பக்கமிருந்துதான் விடணும் என்பதும் அவர் சொன்னதே. முன்வாயிலிருந்து விட்டால் ராடு உரசி வாய் விளிம்பு தேயும். அப்புறம் ரவை நேராகப் போகாது. ஆயிரம் தோட்டா செய்யாத சேதத்தை அவசரக்காரன் ஒரு கம்பி செய்துவிடும். எண்ணெயிலும் விஷயம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் மலைக் குளிரில் அது உறைந்து, நாளாக ஆகப் பிசினாகி, போல்ட்டுக்குள்ளே ஊசியைப் பிடித்துக்கொள்ளும். விசையை இழுத்தால் 'டிக்' என்று சத்தம் மட்டும் வரும். உடனே "ஸ்ப்ரிங் போச்சு, பழசு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். கழற்றிக் கழுவினால் பாதிக்கு மேல் சரியாகிவிடும். கன் ஆயில் கிடைக்காத காலத்தில் தாத்தா தையல் மெஷின் எண்ணெய்தான் போட்டார். கட்டைக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை ஆளிவிதை எண்ணெய், கையாலேயே தேய்ப்பார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு பேசுகிற நான் யோக்கியனா என்றால் அதுவும் இல்லை. 1998-இல் அப்பா தவறிப்போனார். ரைபிளைத் தோல் உறைக்குள் போட்டு, பரணில் வைத்துவிட்டேன். பேர் மாற்றம், பாகப்பிரிவினை, வெள்ளைப்பூண்டு நட்டம் என்று ரெண்டு வருஷம் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. தோல் உறை பாதுகாப்பு என்று நினைத்தேன். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்புக்கு அதைவிட எதிரி கிடையாது. எடுத்துப் பார்த்தால் குழாயின் இடப்பக்கம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழி. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. துரை கையிலும் தாத்தா கையிலும் அப்பா கையிலும் அத்தனை வருஷம் ஆகாத கேடு, என் கையில் ரெண்டே வருஷத்தில் ஆனது. அதனால் நான் திட்டுகிறபோது என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

ஆனால் அடுத்த கேடு என்னால் வந்தது இல்லை.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. தப்பில்லை. ஓட்டு நேரத்தில் எவன் கையிலும் ஆயுதம் இருக்க வேண்டாம் என்பது நல்ல எண்ணம்தான். 2024-இல் மார்ச் 16 தேதி அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் ஓட்டுப்போட்டது ஏப்ரல் 19. நாங்கள் விரலில் மை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் நாடு முழுக்க ஏழு கட்டம் முடிந்து, ஜூன் 4 எண்ணி, நடத்தை விதி விலகுகிற வரைக்கும் துப்பாக்கி உள்ளேயே கிடந்தது. சித்திரையில் கோடைமழை. அது கிடந்த அறையில் ஒரே ஒரு சன்னல், அதுவும் பூட்டினபடி. நடுவில் ஒரு நாள் போய், "ஐயா, ஒரு அஞ்சு நிமிஷம், உங்க கண்ணு முன்னாடியே எண்ணெய் துடைச்சிட்டுப் போயிடறேன்" என்று கேட்டேன். "அதெல்லாம் ரூல்ல இல்லே" என்றார்கள். துரு ரூல் புத்தகம் படித்துவிட்டா வருகிறது?

திரும்ப வாங்கினபோது மேலே லேசான துரு, அது எதிர்பார்த்ததுதான். வீட்டில் போல்ட்டைக் கழற்றி, பழக்கதோஷத்தில் நம்பரைப் பார்த்தேன். உடம்பில் ஒரு நம்பர், போல்ட்டில் வேறு நம்பர். போல்ட்டைக் கழற்றித் தனியாகச் சாக்கில் போட்டு வைத்திருக்கிறார்கள். பத்திரம் என்று நினைத்துத்தான் செய்தார்கள். திருப்பிக் கொடுக்கும்போது கைக்கு வந்ததை மாட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாளே போனேன். ரைட்டர் நல்ல மனுஷன்தான். போல்ட்டை உள்ளே தள்ளி, கைப்பிடியை மடக்கிக் காட்டி, "உள்ளே போகுதுல்ல? பூட்டுதுல்ல? அப்புறம் என்ன பெரியவரே?" என்றார்.

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும், பழைய ரைபிளைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி. தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு இருக்கும். அந்த விளிம்பு குழாயின் பின்வாயில் உட்காரும், போல்ட்டின் தலை அதை முதுகில் தாங்கிப் பிடிக்கும். ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு தாள் கனக்கணக்கு. ஃபேக்டரியில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதன் போல்ட்டைப் பொருத்திப் பார்த்து, அதனால்தான் ரெண்டிலும் ஒரே நம்பர் அடிக்கிறார்கள். வேறு போல்ட்டு மாட்டினால் இடைவெளி கூடலாம். கூடினால், சுடும்போது பித்தளைக் கூடு பின்னால் இழுபட்டு, அடிப்பக்கத்தில் மெலிந்து, ஒரு நாள் வெடித்துக் கிழியும். அந்த நெருப்புக் காற்று எங்கே வரும்? பின்னால், சுடுகிறவன் கண்ணுக்கு. சுட்ட கூட்டின் அடிப்பக்கத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அதுதான் எச்சரிக்கை. மடக்கினால் பூட்டிக்கொள்வது ஒரு பரிட்சையே இல்லை. கதவு சாத்துகிறது என்பதற்காகத் தாழ்ப்பாள் தாங்கும் என்று சொல்லமுடியுமா?

என் மருமகன் சொன்ன மாதிரி மூஞ்சியில் வெடித்திருக்கும். ஆனால் வெடித்ததும் பேப்பரில் என்ன போடுவார்கள்? 'பழைய துப்பாக்கி வெடித்து விவசாயி படுகாயம்.' 'மாறின போல்ட்' என்று எவனும் எழுதமாட்டான். பழி முழுக்க வயசின் மேல். எனக்கு ஆத்திரம் இங்கேதான். பூட்டிவைத்துத் துருப்பிடிக்க விடுவது ஒருத்தர், உறுப்பை மாற்றிக் கொடுப்பது ஒருத்தர், கடைசியில் "பழசு, ஆபத்து, சரண்டர் பண்ணு" என்று புத்தி சொல்வதும் அவர்களேதான்.

பழசு எல்லாம் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. மதுரை நண்பருக்கு இது. குழாயில் எங்காவது உப்பி இருந்தால், போல்ட்டைத் தாங்குகிற காதில் மயிரிழை விரிசல் இருந்தால், தோட்டா உட்காருகிற சேம்பரில் ஆழமாகக் குழி விழுந்திருந்தால், அது எந்த ராஜா துப்பாக்கியாக இருந்தாலும் அதோடு முடிந்தது. 'அந்தக் காலத்து இரும்பு' அப்போது காப்பாத்தாது. அவர் ஹாலில் மாட்டியிருந்தால் நாலே வருஷத்தில் கட்டைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் துரு தின்றிருக்கும். வெளியே பளபளவென்று இருக்கும். பரிசோதிக்காத பயமும் பரிசோதிக்காத பெருமையும் எனக்கு ஒன்றுதான்.

நான் கேட்பது பெரிசா ஒன்றும் இல்லை. வாங்கும்போது ரசீதில் துப்பாக்கி நம்பரோடு போல்ட் நம்பரையும் எழுதுங்கள். போல்ட்டையும் துப்பாக்கியையும் ஒன்றாகக் கட்டிவையுங்கள். மாசம் ஒரு தடவை, போலீஸ்காரர் முன்னாலேயே, சொந்தக்காரன் வந்து எண்ணெய் துடைக்க விடுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கும்போது எந்த வருஷம் செய்தது என்று கேட்கிற நேரத்தில், குழாயை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே ஒரு தடவை பாருங்கள்.

என் போல்ட் எங்கே போனது என்று தேடினேன். அந்த ஸ்டேஷனில் .315 கொடுத்தவர்கள் மொத்தம் மூன்றே பேர். ரெண்டாவது வீட்டிலேயே கிடைத்தது. பக்கத்து மலைக் கிராமத்துப் பெரியவர், எண்பதைத் தாண்டினவர், இஷாப்பூர் துப்பாக்கி. "நம்மது நல்லாத்தானே இருக்கு தம்பி" என்று எடுத்துக் கொடுத்தார். கண்ணாடி போட்டு நம்பரைப் படிக்கச் சொன்னதும் அவருக்குக் கை நடுங்கிவிட்டது. பேரன் ஞாயிற்றுக்கிழமை ரெண்டு தோட்டா சுட்டுப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். அன்றைக்கு வியாழக்கிழமை.

ரெண்டு துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு, ரெண்டு பேருமாக ஸ்டேஷனுக்குப் போய், ரைட்டர் முன்னால் மாற்றிப் போட்டு, எழுதி வாங்கிக்கொண்டோம். என்னுடையதை ஊரிலிருந்து இறங்கித் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிறவரிடம் காட்டினேன். கேஜ் வைத்துப் பார்த்து, "தாராளமா வச்சுக்குங்க, தழும்பு இருந்தாலும் சேம்பர் சுத்தமா இருக்கு" என்றார். வெந்நீர் விட்டவர் தாத்தா. தழும்பு மட்டும் என் கணக்கு.

அடுத்த தேர்தலுக்கு மறுபடி கொடுக்கணும். போல்ட் கைப்பிடியில் செம்புக் கம்பியால் ஒரு தகடு கட்டி, நம்பரும் என் பேரும் அடித்து வைத்திருக்கிறேன். பெரியவருக்கும் ஒன்று அடித்துக் கொடுத்தேன். மூன்றாவது ஆள் திண்டுக்கல்லில் மகள் வீட்டில் இருக்கிறார்; ஊருக்கு வந்ததும் அவருடையதையும் பார்க்கணும்.