பட்டியல் எழுதுபவரின் பெயர்

சென்ற திங்கள் இப்பகுதியில், வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தமிழ் எழுத்துப் பயிற்றுவிப்பது பற்றி எழுதியிருந்தோம். இத்திங்கள் எடுத்துக்கொண்ட பொருள் திருச்சபைப் பணியைப் பற்றியது. ஆயினும், பொங்கல் விழாக் குழுவிலோ, பஜனை மன்றத்திலோ, சங்க நூலகத்திலோ பணி பங்கிட்டுக் கொடுக்கும் அன்பர் எவர்க்கும் இது பயன்படும் என நம்புகின்றோம்.

நமது ரயில் நகரத்துத் தமிழ்ச் சபையில், ஞாயிறு ஆராதனைக்கு வேண்டிய ஊழியங்களைப் பங்கிட்டு எழுதும் பொறுப்பு ஆறு ஆண்டுகளாக நம்மிடம் இருந்து வருகின்றது. வேதபாடம் வாசிக்க இருவர், காணிக்கை எடுக்க நால்வர், வாயிலில் நின்று வரவேற்க இருவர், ஞாயிறு பள்ளி நடத்த மூவர், ஆராதனைக்குப் பின் தேநீர் வழங்க இருவர். ஆக ஒரு ஞாயிற்றுக்குப் பதின்மூவர். நான்கு ஞாயிறுகளுக்கு 52 இடங்கள். பட்டியல் எழுதுபவரும் நாமே. அதில் கண்டபடி வாசிப்பவரும் காணிக்கைத் தட்டு ஏந்துபவருமாகிய ஊழியருள் ஒருவரும் நாமே. இவ்விரு நிலைகளும் ஒருவரிடத்தே சேரும்போது நேரும் பிழை ஒன்று உண்டு. அதனை நாமே செய்து கற்றோமாதலின், மறைக்காமல் எழுதுகின்றோம்.

பட்டியல் எழுதுவது கடினமன்று. அதில் விழும் இடைவெளியை நிரப்புவதே கடினம். சனிக்கிழமை இரவு ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “நாளைக் காலை டியூட்டி போட்டுவிட்டார்கள்” என்பார். மற்றொருவர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். அந்நேரத்தில் வேறொருவரைக் கேட்க நம் மனம் கூசும். பிறரை வருத்துவானேன் என்றெண்ணி அவ்விடத்தில் நம் பெயரையே எழுதிவிடுவோம். சென்ற ஆண்டு வருகைக்கால ஞாயிறுகள் நான்கில் நம் பெயர் பதினோரு இடங்களில் இருந்தது. அதனை எண்ணிப் பார்த்து உள்ளூர மகிழ்ந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், வேதபாடம் வாசித்து நிற்கையில் தேநீருக்குப் பால் வந்து சேர்ந்ததோ என்னும் கவலை நெஞ்சில் ஓடிற்று. வாசித்த அதிகாரம் எதுவென்று வீட்டில் கேட்டபோது நமக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்பதினொன்றில் நான்கு, வாயிற்பணி. அவ்விடமோ நம்முடையதன்று. தொழிற்சாலையில் ஃபிட்டராயிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நெடுங்காலமாக நின்ற இடம் அது. புதிதாக மாற்றலாகி வரும் குடும்பத்தை, “எந்த ஊர் நீங்கள்?” என்று முதலில் கேட்பவர் அவரே. அரிசி எங்கே வாங்கலாம், பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்பதெல்லாம் வாயிற்படியிலேயே சொல்லி முடித்துவிடுவார். செப்டம்பரில் மூட்டுவலியால் அவர் இரண்டு ஞாயிறுகள் வரவில்லை. அவ்விடத்தில் நம் பெயரை எழுதினோம். பின்னர் அவர் வரத் தொடங்கியும், முதியவர் ஓய்வாக இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டோம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கடைசி வரிசைப் பலகையில் அமரலானார்.

ஜனவரியில் ஒருநாள் ஆராதனை முடிந்தபின், “மூட்டுவலி எப்படி இருக்கிறது, ஐயா?” என்று கேட்டோம்.

“வலி போய் மூன்று மாதம் ஆயிற்று, தம்பி. பட்டியலில் பெயர் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. திங்கள்தோறும் அறிவிப்புப் பலகையின் முன் நின்று, நாம் எழுதிய தாளைக் கடைசி வரி வரை படித்துவிட்டுப் போயிருக்கிறார். நாம் தியாகம் என்று நினைத்திருந்தது மற்றொருவரின் இடத்தைப் பறித்த செயலாக முடிந்திருந்தது. மறுமொழி சொல்ல நமக்கு நா எழவில்லை.

வீடு திரும்பி வேதாகமத்தைப் புரட்டினோம். ஜனங்களின் வழக்கையெல்லாம் காலை முதல் மாலை வரை தனியே கேட்டுக்கொண்டிருந்த மோசேயை, அவருடைய மாமனார் எத்திரோ கடிந்துகொண்டார். ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவரை ஏற்படுத்தச் சொன்னார் என யாத்திராகமம் 18ஆம் அதிகாரம் கூறும். முதல் நாளாகமத்தில் ஆசாரியர் 24 வகுப்பினராகப் பிரிக்கப்படுகின்றனர். பாடகர் 288 பேர் பன்னிருவர் கொண்ட 24 பிரிவினராகின்றனர். முறைக்குச் சீட்டுப் போடும்போது கற்பிப்பவர், கற்பவர் என்ற வேறுபாடும் அங்கு இல்லை. அவ்வகுப்புகளுள் எட்டாவதாகிய அபியாவின் வகுப்பைச் சேர்ந்தவரே, தம் முறையில் தூபங்காட்டச் சென்ற சகரியா. முறை என்பது சுமையைப் பங்கிடுவது மட்டுமன்று; ஒவ்வொருவருக்கும் ஆலயத்தில் ஓர் இடம் உண்டு என்று உறுதி சொல்வதும் ஆகும்.

நம் அலுவலகப் பழக்கமும் இதையே கற்பித்திருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டின் ரயில்வேச் சட்டம், 133ஆம் பிரிவில், இடைவிடாது பணிபுரியும் வகையினருக்கு வாரந்தோறும் 30 மணி நேரத் தொடர் ஓய்வு தரவேண்டும் என்கிறது. இரவும் பகலும் இயங்கும் நிலையத்தில் ஒருவர் ஓய்வெடுக்கும் நாளில் அவ்விடத்தை நிரப்ப, ‘ரெஸ்ட் கிவர்’ என்னும் மாற்று ஊழியரை முறையிலேயே சேர்த்து வைப்பர். முறை எழுதிய எழுத்தர் கொடியை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு ஓடுவதில்லை. இதை நன்கறிந்த நாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதனை மறந்திருந்தோம்.

இப்பொழுது நாம் கைக்கொள்ளும் முறை இதுவாகும்:

முதலாவது, பட்டியலை இரண்டு திங்களுக்குச் சேர்த்து எழுதுகின்றோம். இதற்குக் காரணம் உண்டு. 120 நாளாக இருந்த ரயில் முன்பதிவுக் காலம், 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைக்கப்பட்டது. ஆகவே, ஊருக்குச் செல்லும் குடும்பங்களின் பயண நாள் ஏறத்தாழ அவ்வளவு முன்பாகவே தெரிந்துவிடுகின்றது. பூஜை விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் சபையில் பாதிப்பேர் தெற்கே போய்விடுவராதலின், பயண நாளைக் கேட்டபின்பே பேனாவை எடுக்கின்றோம்.

இரண்டாவது, எந்நேரமும் அழைப்பு வரக்கூடிய வண்டி ஓட்டுநர் போன்றோரைத் தனியே எழுதுவதில்லை. நிலையான வேலைநேரம் உடைய ஒருவருடன் இணைத்தே எழுதுகின்றோம். மாற்றிக்கொள்வதை அவர்களே பேசி முடித்து நமக்குத் தெரிவித்தால் போதும்.

மூன்றாவது, ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் மாற்றாள் இருவர் பெயரைப் பட்டியலிலேயே குறிக்கின்றோம். சனிக்கிழமை இரவு கேட்கத் தயங்க வேண்டுவதில்லை.

நான்காவது, நம் பெயரைத் திங்களுக்கு இருமுறைக்கு மேல் எழுதுவதில்லை. அப்படியும் இடம் காலியாக இருந்தால், காலியாகவே விட்டுத் தாளைப் பலகையில் ஒட்டுகின்றோம். முதன்முறை தேநீர்ப் பணிக்கு நேரே வெற்றிடம் விட்டபோது நமக்கு அச்சமாகவே இருந்தது. மறுவாரம் அவ்விடத்தில் யாரோ பென்சிலால் பெயரெழுதியிருந்தனர். தூத்துக்குடியிலிருந்து வேலைக்கு வந்து மூன்று திங்களேயான இளைஞர் அவர். “என்னை யாரும் கேட்கவில்லை, அண்ணா” என்றார்.

ஐந்தாவது, எவர் பெயரையும் அவரைக் கேளாமல் எடுப்பதில்லை. கைப்பேசிக் குழுவில் பட்டியலை அனுப்பினாலும், பலகையில் தாள் ஒட்டுவதை நிறுத்துவதில்லை. அதனைப் பார்த்துக்கொண்டிருப்போர் உண்டு என்பதை அறிந்துகொண்டோம்.

சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு, இங்கே நம் பெயர் எழுதப்படும் இடங்கள் சிலவே. அலுவலகத்தில் வருகைப் பதிவேடு. கடையில் கடன் கணக்கு. “நீ எங்களுக்கு வேண்டியவன்” என்று சொல்லும் தாள் சபையிலோ சங்கத்திலோதான் உண்டு. அதனை எழுதுபவர் தம் பெயரை அளவோடு எழுதுவாராக.

பெரியவர் இப்பொழுது வாயிலில் ஒரு நாற்காலியிட்டு அமர்ந்திருக்கின்றார். புதியவர் வந்தால் எழுந்துவிடுகின்றார். நாம் உள்ளே அமர்ந்து வேதபாடத்தைக் கேட்கின்றோம்.