தோட்டத்துக்கு வரும் தானியங்கி: பழுது பார்க்க ஊரில் ஆள் வேண்டும்

தமிழகத்தில் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் கிடைக்கிறது. குழாய் பதித்த தோட்டங்களில் அடுத்த கட்டமாக, வால்வுகளைத் தானாகத் திறந்து மூடும் கருவிகள் வருகின்றன. நவீன அரிசி ஆலை, தீவன ஆலை, குளிர்பதனக் கிடங்கு போன்ற இடங்களில் மோட்டார்களை இயக்க பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. இவை பழுதானால் யார் பார்ப்பது?

பம்புசெட் நின்றால் ஊர் எலெக்ட்ரீசியன் வந்துவிடுவார். பி.எல்.சி. நின்றால், விற்ற நிறுவனத்தின் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். கோடையில் நான்கு நாள் தண்ணீர் தடைபட்டால் காய்கறிப் பயிர் என்னவாகும் என்பதை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், பி.எல்.சி.க்கான 'லேடர்' நிரல் மொழி எலெக்ட்ரீசியன்களுக்கு அந்நியமானதல்ல. 1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ரிலேக்கள் நிறைந்த பலகைகளுக்கு மாற்றுக் கருவி கேட்டது. அதையொட்டி வந்ததே 'மோடிகான்' பி.எல்.சி. ரிலே வரைபடம் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, அதே வடிவில் நிரல் அமைந்தது. இருபுறமும் இரண்டு நெடுங்கோடுகள், நடுவே படிகள். பார்க்க ஏணி போலிருப்பதால் 'லேடர்'.

பம்புசெட் ஸ்டார்ட்டரையே எடுத்துக்கொள்வோம். பச்சைப் பொத்தானை அழுத்தினால் காயில் இழுக்கிறது. கையை எடுத்த பிறகும் துணைக் காண்டாக்ட் வழியாக காயிலுக்கு மின்சாரம் போவதால் மோட்டார் ஓடுகிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தினாலோ, ஓவர்லோடு ரிலே விழுந்தாலோ நிற்கிறது. இவ்வளவும் லேடரில் ஒரே படி. கிணற்றில் நீர் குறைந்தால் நிற்க வேண்டுமா? அதே படியில் ஒரு காண்டாக்ட் சேர்த்தால் போதும். அரை மணிக்கு ஒரு வால்வு மாற வேண்டுமா? டைமர் சேர்க்கலாம். 'ஓப்பன்பி.எல்.சி.' போன்ற இலவச மென்பொருளில், கருவி வாங்காமலேயே கணினியில் பழகலாம்.

தமிழகத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து 'தொழில் 4.0' மையங்களாகத் தரம் உயர்த்தப்பட்டுள்ளன. இவற்றின் பார்வை தொழிற்சாலைகளை நோக்கியே உள்ளது. இதே மையங்களில் பம்பு, வால்வு, மிதவை சுவிட்ச் ஆகியவற்றை வைத்து, கிராமப்புற எலெக்ட்ரீசியன்களுக்கு மாலை நேரக் குறுகிய காலப் பயிற்சி நடத்தலாம். வேளாண் பொறியியல் துறை இதற்கு முன்கை எடுக்க வேண்டும். கருவிக்குச் செலவழித்துவிட்டு ஆளை உருவாக்காவிட்டால், பெட்டி சுவரில் தொங்கும். விவசாயி பழையபடி கையால் வால்வு திருப்புவார்.

விவசாயிகளும் வாங்கும்போதே கேட்டுப் பெற வேண்டியவை: நிரலின் நகல், அதன் கடவுச்சொல், வயரிங் வரைபடம், பழுதின்போது கையால் இயக்க மாற்று சுவிட்ச். அவசர நிறுத்தமும் ஓவர்லோடு ரிலேயும் நிரலை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. வயரிங்கிலேயே மோட்டாரை நிறுத்த வேண்டும். விலை குறைந்த டைமர் பெட்டிகள் பலவற்றில் நிரலை மாற்ற முடியாது. அதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.